அரிக்கன் சட்டியும் ஆத்தங்கரைக் கல்லும்: வன்னியில கையால கல்லுப் பொறுக்கிறது எப்பிடி

போன சித்திரைக்கு கனடாவில இருந்து மருமோன் வந்து நிண்டவன். யூடியூப்பில அமெரிக்காக்காரர் தொப்பியப் போட்டுக்கொண்டு பாலைவனத்தில நடந்து நடந்து கல்லுப் பொறுக்கி வாளியில போடுறதப் பாத்துப்போட்டு, மாமா எங்கட வன்னியில காடு கரையெல்லாம் சும்மா தானே கிடக்கு, இஞ்சயும் இப்பிடிப் பொறுக்கலாம் தானே எண்டு ஒரே அரியண்டம். நான் கனகராயன்குளத்துப் பக்கம், இந்தக் கல்லுப் பைத்தியம் எனக்கு ஒரு பத்துப் பன்னிரண்டு வருசமா இருக்கு, வீட்டுக்காரி இதுக்கெண்டே கோடிப்பக்கம் ஒரு தகரக் கொட்டில் விட்டுத் தந்திருக்கிறா, ஒரு கல்லும் வீட்டுப் படி தாண்டப்படாது எண்ட கண்டிசனோட. மருமோனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவா இஞ்ச எழுதுறன். காசு உழைக்கிற வழி கேட்டு வந்திருந்தா இப்பவே திரும்பிப் போகலாம், எனக்கு இண்டைக்கு வரைக்கும் இதால வந்த வருமானம் சைபர்.

முதல் சட்டக் கதைய முடிச்சிடுவம், ஏனெண்டா மருமோன் பாத்த வீடியோவுக்கும் எங்கட நாட்டுக்கும் இடையில மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அமெரிக்காவில மத்திய அரசின்ர பொதுக்காணிகள் கனக்க இடத்தில பொழுதுபோக்குக்கு எண்டு கையால ஓரளவு கல்லுப் பொறுக்க விடுவினம், கல்லா மாறின மரத்துக்குக் கூட ஒரு ஆளுக்கு நாளைக்கு 25 இறாத்தல், வருசத்துக்கு 250 இறாத்தலுக்கு மேல இல்லை எண்டு கணக்கு வைச்சிருக்கினம். இஞ்ச கதை வேற. 1993ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால வந்த தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபை எண்டு ஒண்டு இருக்கு. கல்லு அகழவும் லைசன்ஸ், வாங்கி விக்கவும் லைசன்ஸ், பட்டை தீட்டவும் லைசன்ஸ். உங்கட சொந்தத் தோட்டத்திலயே கல்லுக்கெண்டு குழி வெட்டினாலும் அனுமதிப்பத்திரம் வேணும், அரச காணியெண்டா சொல்லவே தேவையில்லை.

அப்ப நான் என்ன செய்யிறன்? பொதுக்காணியில எண்டா குனிஞ்சு எடுக்கிறது மட்டும். மண்வெட்டி இல்லை, அலவாங்கு இல்லை, ஆத்துக்குள்ள நிண்டு அரிக்கிற வேலை இல்லை. கையும் கண்ணும் ஒரு தடியும், அவ்வளவுதான். போக முதல் அந்த இடத்து கிராம சேவகரிட்ட ஒரு வார்த்தை கேட்டிடுவன், அவர் ஓம் எண்டா ஒரு கைப்பிடி கூழாங்கல்லு, அவர் தலையச் சொறிஞ்சா பிரதேச செயலகத்தில காணிப் பகுதியில கேட்பன், அவையும் சரியா மறுமொழி சொல்லாட்டி விட்டிட்டு வந்திடுவன். அரச காணி எண்டு நாங்கள் ஒரே சொல்லில சொன்னாலும் அது ஒரு ஆளின்ர காணி இல்லைப் பாருங்கோ. பெரிய குளம் நீர்ப்பாசனத் திணைக்களம், சின்னக் குளம் கமநல சேவை, காடு வன இலாகா, சரணாலயம் எண்டா வனசீவராசிகள், கடற்கரைக்கு வேற ஆக்கள், இடைக்கிட ஆமிக் காம்ப். சுண்டிக்குளமும் மடு வீதிப் பக்கமும் 2015இல தேசியப் பூங்கா ஆக்கினவை, பழைய ஞாபகத்தில உள்ள போயிடாதேங்கோ. மரத்துக்கு இடையில மஞ்சளோ வெள்ளையோ அடிச்ச எல்லைக்கல்லு நிண்டா அதோட திரும்பிறதுதான் நல்லம். எனக்கு ஒருக்கா ஒரு உத்தியோகத்தர் சொப்பிங் பாக்கைக் கவிட்டுக் கொட்டிப் பாத்து, பதினேழு வெள்ளைக்கல்லையும் ஒரு பணிஸையும் பாத்திட்டு, அண்ணை உங்களுக்கு வீட்டில வேலை ஒண்டும் இல்லையோ எண்டு கேட்டவர். அண்டைக்கு அவர் நல்ல மனுசன், எல்லாரும் அப்பிடி இருக்க மாட்டினம்.

இனி வெடிச் சாமான். இதை நான் ரெண்டாவதாச் சொன்னதுக்கு மருமோன் என்னை ஒரு மாதிரிப் பாத்தவன், ஆனா இஞ்ச வளர்ந்த ஆக்களுக்கு விளங்கும். மிதிவெடி அகற்றுற வேலை இன்னும் முடியேல்லை. இலங்கை 2017 கடைசியில மிதிவெடியத் தடை செய்யிற ஒட்டாவா உடன்படிக்கையில சேந்தது, 2028 ஜூனுக்குள்ள முழுக்கத் துப்புரவாக்க வேணும் எண்டதுதான் அதின்ர தவணை. துப்புரவாக்கின காணியெண்டாலும் மாரி வெள்ளம் சாமானை இடம் மாத்தும், நீங்கள் கல்லுப் பாக்கப் போற ஆத்து வளைவிலயும் அது வந்து ஒதுங்கலாம். மண்டையோடு போட்ட சிவப்பு போர்ட், கலர் அடிச்ச தடி, கட்டின ரேப், இதில ஒண்டு கண்டாலும் அந்தப் பக்கம் இல்லை. ஊர்ச்சனம் விறகுக்கும் மாட்டுக்கும் போகாத இடத்துக்கு நீங்கள் கல்லுக்குப் போகாதேங்கோ, ஏன் அவை போறேல்லை எண்டதுக்கு ஒரு காரணம் இருக்கும். துருப்பிடிச்ச உருண்டை, குழாய், பெட்டி எதைக் கண்டாலும் தடியால தட்டிப் பாக்கிற வேலை வேண்டாம், வந்த காலடியிலயே திரும்பி நடந்து 119க்கோ கிராம சேவகருக்கோ சொல்லுங்கோ. தோண்டாதேங்கோ தோண்டாதேங்கோ எண்டு நான் குளறுறதுக்கு சட்டம் அரைவாசிக் காரணம், இது மற்ற அரைவாசி.

சரி, கல்லுக்கு வருவம். வன்னியில என்ன கிடைக்கும்? இரத்தினபுரி மாதிரி நீலக்கல்லு கொட்டிக் கிடக்கும் எண்டு நினைச்சுக்கொண்டு வாறவைக்கு ஒரு சின்னப் பாடம். நிலவியல்காரர் இலங்கையின்ர அடிப்பாறையப் பெரிய துண்டுகளாப் பிரிச்சு வைச்சிருக்கினம், அதில ஒரு துண்டுக்குப் பேரே வன்னித் தொகுதி, எங்கட பேர்தான். ஆனா பேர் பெற்ற கல்லுகள் கூடுதலா வாறது பக்கத்தில இருக்கிற உயர்நிலத் தொகுதியில இருந்து, இரத்தினபுரி, எலஹெர எல்லாம் அதுக்குள்ள. எங்கட துண்டில கருங்கல்லு வகைதான் கூட, அதில இருந்து உடைஞ்சு வாறது குவார்ட்ஸ் எண்ட வெள்ளைக்கல்லும், அதே சாதியில ஒளி ஊடுருவுற படிகமும், இடைக்கிட கார்னெட் எண்ட கடுஞ்சிவப்புக் கல்லும், காக்காப்பொன்னும். அதோட வவுனியா, மாங்குளம் பக்கம் இந்தப் பழைய பாறை, வடக்கயும் மேற்கயும் போகப் போக, பூநகரி மன்னார்ப் பக்கம், சுண்ணாம்புக்கல்லு மேல வந்திடும். சுண்ணாம்புக்கல்லுக்குள்ள சிப்பி சோகி அச்சுத்தான் பாக்கலாம், அதுவும் வடிவுதான், ஆனா படிகம் தேடி அங்க மினக்கெட வேண்டாம்.

எங்க பாக்கிறது எண்டா, தண்ணி இளைக்கிற இடம். ஆறு நேரா ஓடேக்க எல்லாத்தையும் இழுத்துக்கொண்டு போகும், வளைவில உள்பக்கம் வேகம் குறையும், அங்க பாரமானதைக் கீழ போட்டிட்டுப் போகும். பெரிய பாறைக்குப் பின்பக்கம், மரவேருக்கு அடியில, சப்பாத்துப் பாலத்துக்குக் கீழ்ப்பக்கம், எல்லாம் அதே கணக்கு. கனகராயன் ஆறு, பாலியாறு, பறங்கியாறு, பேராறு எல்லாம் கோடையில கன இடத்தில மணலா நடக்கலாம். குளமெண்டா வத்தேக்க, ஆவணி புரட்டாதியில, அலைகரையோரம் கல்லுப் படுக்கை ஒண்டு வெளிக்கும், அதில நடக்கலாம், ஆனா சேத்துப் பக்கம் போகாதேங்கோ, வத்தின குளத்தில மிச்சத் தண்ணிக்குள்ள முதலை நெருக்கமா இருக்கும், மனுசன் கல்லுப் பாக்கிறான் எண்டு அது யோசிக்காது.

ஆனா உண்மையச் சொல்லப்போனா என்ர நல்ல கல்லுகளில பாதிக்கு மேல ஆத்திலயும் எடுக்கேல்லை குளத்திலயும் எடுக்கேல்லை. கிணறு வெட்டினவையின்ர மண் கும்பியிலயும், ஒழுங்கைக்குப் பறிச்ச கிரவல் கும்பியிலயும்தான் எடுத்தனான். இருபது அடி முப்பது அடி கீழ இருக்கிறதை ஆரோ காசு குடுத்து வெட்டி மேல கொண்டு வந்து போட்டிருக்கினம், நீங்கள் வீட்டுக்காரரிட்ட, அண்ணை உந்தக் கும்பியில கொஞ்சம் பொறுக்கட்டோ எண்டு கேட்டா ஆரும் மாட்டன் எண்ணுறேல்லை, தேத்தண்ணியும் தருவினம். முதல் மழை பெய்ஞ்சு தூசி கழுவுப்பட்ட அடுத்த நாள் விடியப் போங்கோ. அது போல ஒரு நாள் வருசத்தில ரெண்டு மூண்டு தான் வரும்.

நடக்கிற முறை ஒண்டு இருக்கு. காலமை ஏழு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில, இல்லாட்டி பின்னேரம் நாலுக்குப் பிறகு, வெய்யில் சரிவா இருக்கேக்க, சூரியனைப் பாத்தபடி நடக்க வேணும். முதுகுக்கு வெய்யில் வாங்கிக்கொண்டு நடந்தா எல்லாக் கல்லும் ஒரே மாதிரித்தான் தெரியும். முகத்துக்கு நேர வெய்யில் வந்தா ஒளி ஊடுருவுற கல்லு மட்டும் உள்ளுக்குள்ள விளக்குக் கொளுத்தின மாதிரி நிக்கும், அதைத்தான் பாக்க வேணும். பளபளக்கிறதைப் பாக்காதேங்கோ, பளபளக்கிறது முக்கால்வாசி காக்காப்பொன், ஏடு ஏடா நகத்தால உரிக்கலாம், சின்னனில அதை வைச்சு நாங்கள் தங்கக்கடை விளையாடின நாங்கள். மெதுவா, ஒரு அடி வைச்சா ஒருக்கா நிண்டு. கல்லைப் பிரட்டுறது தடியால மட்டும், வெறுங்கை வேண்டாம், சுருட்டையும் புடையனும் வெக்கைக்கு கல்லுக்குக் கீழதான் படுத்திருக்கும். பாட்டாச் செருப்போட போகாதேங்கோ. சேறு சகதியில கால் வைச்ச பிறகு காய்ச்சல் கண்டா ஆசுப்பத்திரியில எலிக்காய்ச்சல் எண்டு நீங்களே சொல்லிக் காட்டுங்கோ, வயல்காரருக்கு வாறது கல்லுப் பொறுக்கிக்கும் வரும். யானை பற்றி நான் சொல்லத் தேவையில்லை, ஆறு மணிக்கு முதல் வீட்டுக்கு வந்திட வேணும்.

கடற்கரைக் கதை வேற. அளம்பில், நாயாறு, கொக்கிளாய் எண்டு தெற்கால போகப் போக கரையில கறுப்பு மண் கோடு கோடாக் கிடக்கும், அது ஊத்தை இல்லை, இல்மனைட் எண்ட கனிமம். கொக்கிளாய்க்கு அங்கால புல்மோட்டையில அதை அரச கனிய மணல் கம்பனி அள்ளுது, அதோட ரூட்டைல், சிர்க்கோன் எண்ட வேற கனிமங்களும் சேந்து வரும். வாடைக் காத்துக் காலத்தில அலை அடிச்சு இளகின மணலை இழுத்துக்கொண்டு போக, பாரமான கறுப்பு மண் மட்டும் கரையில தங்கும். தை மாசி கழிய ஒருக்காப் போய்க் குந்திப் பாருங்கோ, கறுப்புக் கோட்டுக்குப் பக்கத்தில ரோஸ் கலரில ஒரு மெல்லிய கோடு இருக்கும், அதுதான் கார்னெட் மணல். ஒவ்வொரு மணியும் சீனியிலும் சின்னன், மோதிரத்துக்கு உதவாது, ஆனா லென்ஸ் வைச்சுப் பாத்தா மாதுளம் முத்துக் குவியல் மாதிரி இருக்கும், நான் மணித்தியாலக் கணக்கில பாத்திருக்கிறன். பாக்க மட்டும், பையில அள்ள வேண்டாம். கனிய மண்ணுக்கு வேற சட்டம், மண் ஏத்துறதெண்டாலே பெர்மிட் கேட்கிற நாடு இது.

முள்ளிவாய்க்கால் கரையில நான் குனியிறேல்லை. அதுக்கு மேல அதைப் பற்றி எழுத எனக்கு ஏலாது. ஆனா எந்த இடத்தில எண்டாலும் எலும்போ உடுப்போ வெளியில தெரிஞ்சா ஒண்டையும் தொடாம, இடத்தை மனசில வைச்சுக்கொண்டு பொலிசுக்கும் கிராம சேவகருக்கும் சொல்ல வேணும். கொக்குத்தொடுவாயில 2023 ஜூனில தண்ணிக்குழாய் தாக்க வெட்டேக்கதான் எலும்புகள் வெளியில வந்தது. காணாமப் போனவையைத் தேடிக்கொண்டு திரியிற சனத்துக்கு ஒரு துண்டு உடுப்பு கூட எவ்வளவு பெரிய விசயம் எண்டு இஞ்ச ஆருக்கும் சொல்லத் தேவையில்லை.

ஓட்டை போட்ட கல்லு, மணி மாதிரி உருட்டினது, சிவப்பு ஒரேஞ்ச் கலரில கோர்க்கிற மணி கண்டாலும் எடுக்காதேங்கோ. மாந்தை, திருக்கேதீஸ்வரப் பக்கம் அந்தக் காலத்தில பெரிய துறைமுகம், மணி வியாபாரம் நடந்த இடம், அந்த மணிகள் இப்பவும் மழைக்கு மேல வரும். அது தொல்பொருள், 1940ஆம் ஆண்டுச் சட்டம் அதுக்கு இருக்கு, பொக்கெட்டுக்குள்ள போட்டுக்கொண்டு வந்தா நீங்கள் கள்ளன். கிடந்த இடத்திலயே ஒரு படம் எடுத்து தொல்லியல் திணைக்களத்துக்குக் காட்டுங்கோ, கிடந்த இடத்தை விட்டு எடுத்தா அந்த மணிக்கு அரைவாசி உயிர் போயிடும் எண்டு ஒரு தொல்லியல் படிச்ச பிள்ளை எனக்குச் சொன்னது.

இனி எனக்கு விருப்பமான பகுதி, அரிக்கிறது. இது வீட்டு வளவுக்குள்ள, கிணத்து மண்ணோ கிரவலோ ஒரு வாளி வீட்டுக்காரரிட்டக் கேட்டுக் கொண்டு வந்து செய்யிற வேலை. எங்கட அம்மம்மாட்ட ஒரு அரிக்கன் சட்டி இருந்தது, உள்ளுக்குள்ள வளையம் வளையமா வரிப்பள்ளம் போட்ட மண்சட்டி, இப்பத்தப் பிள்ளையளுக்குத் தெரியாது, கடை அரிசியில கல்லில்லை. அரிசியைப் போட்டு தண்ணி விட்டு ஒரு ஆட்டு ஆட்டி மெல்ல மற்றச் சட்டிக்குச் சரிப்பா, அரிசி தண்ணியோட போகும், கல்லு வரிக்குள்ள தங்கிடும். ஒரு மணி அரிசி கல்லோட நிக்காது, ஒரு கல்லு அரிசியோட போகாது. இரத்தினபுரியில வட்டக் கூடையை வைச்சுச் சுழட்டுறவை செய்யிறதும் இதேதான், என்ன, அம்மம்மா வைச்சதை நாங்கள் எறியிறம், எறிஞ்சதை வைக்கிறம். கல்லு இருக்கிற மண் படுக்கைக்கு அங்க இல்லம் எண்டு பேர், சிங்களச் சொல்லு, முதல் கேட்கேக்க எனக்குச் சிரிப்பு, ஆரின்ர இல்லம் எண்டு.

சாமான் பெரிசா ஒண்டும் வேண்டாம். மேசன்மார் மணல் அரிக்கிற கால் அங்குல வலை ஒண்டு, குசினியில பழசாப் போன அரிதட்டு ஒண்டு, அகலமான பிளாஸ்டிக் பேசின் ரெண்டு, பழைய சாக்கு. மண்ணை முதல்நாள் இரவே தண்ணியில ஊறப் போடுங்கோ, களி கரையாட்டி கல்லெல்லாம் புட்டு மாதிரி உருண்டு நிக்கும், ஒண்டும் பிரியாது. விடிய கையால பிசைஞ்சு கலங்கல் தண்ணியை ஊத்தி, திரும்ப விட்டு, திரும்ப ஊத்தி, தண்ணி தெளியிற வரைக்கும். அந்தக் கலங்கல் வாழையடிக்குப் போகட்டும், வாய்க்காலுக்கு விடாதேங்கோ. பிறகு பெரிய வலையில போட்டு மேல நிக்கிற பெரிய கல்லைக் கண்ணால பாத்து எறியுங்கோ. கீழ விழுந்ததை அரிதட்டில போட்டு, பேசின் தண்ணிக்குள்ள அரைவாசி தாழ்த்தி, குலுக்குறது. இந்தக் குலுக்கல்ல தான் விசயம் இருக்கு. பக்கவாட்டில ஆட்டினாப் போதாது, மேல கீழ சின்னச் சின்னதாத் தட்ட வேணும், தண்ணி அடியால ஏறி எல்லாக் கல்லையும் ஒரு கணம் மிதக்க விடும், அந்தக் கணத்தில பாரமானது முந்திக் கீழ போயிடும். இடைக்கிட ஒரு அரைச் சுத்து, அப்ப பாரமானது நடுவுக்கு வரும். ஒரு ஐம்பது அறுபது தட்டு. பிறகு தோசையப் பிரட்டுற மாதிரி ஒரே வீச்சில சாக்கில கவிழ்த்து விடுங்கோ. இப்ப அடியில இருந்தது மேல, நடுவில. சரியாச் செய்திருந்தா வெள்ளைக் கல்லு வட்டத்துக்கு நடுவில கறுப்பும் கடுஞ்சிவப்புமா ஒரு பொட்டு மாதிரி நிக்கும். முதல் பத்துத் தரம் நிக்காது, எனக்கு ரெண்டு மாசம் எடுத்தது, மனுசி சுளகில புடைச்சுக் காட்டி, இப்பிடித் தட்டுங்கோ எண்டு சொன்ன பிறகுதான் கை பிடிபட்டது. சுளகு புடைக்கத் தெரிஞ்ச பொம்பிளையள் இதை ஒரே நாளில பழகுவினம், ஆம்பிளையள் நாங்கள் தான் பலத்தைப் போட்டுக் கெடுக்கிறது.

அந்தப் பொட்டுக்குள்ள என்ன என்ன எண்டு பாக்கலாம். கறுப்பா மினுங்கிறதை பழைய ஸ்பீக்கர் காந்தத்தால தொட்டுப் பாருங்கோ, பாஞ்சு ஒட்டினா அது காந்த இரும்புக்கல்லு, எறியலாம். கொம்பியூட்டர் ஹார்ட் டிஸ்க்குக்குள்ள இருக்கிற காந்தம் கிடைச்சா இன்னும் நல்லம், அது சரியான பலம், இல்மனைட்டும் அசையும், கார்னெட்டும் லேசா இழுபடும். கார்னெட் நிலத்தில கிடக்கேக்க கறுப்பாத்தான் தெரியும், நாவல்பழம் மாதிரி, எடுத்து ரோச் லைட்டுக்கு மேல வைச்சா தான் சிவப்பு வரும். ரோட்டுக்குப் போடுற கருங்கல்லில சிவப்புப் புள்ளி பாத்திருப்பியள், அதுதான் இது, பாறைக்குள்ள இருந்து இன்னும் வெளியில வராதது.

வெள்ளைக்கல்லை அடையாளம் காண ஒரு சின்னப்பிள்ளை விளையாட்டே போதும். இருட்டறைக்குள்ள ரெண்டு கல்லை ஒண்டோடொண்டு பலமா உரசினா உள்ளுக்குள்ள ஒரேஞ்ச் வெளிச்சம் மின்னும், கருகின மணம் ஒண்டு வரும். கரண்ட் இல்லாத காலத்தில எங்களுக்கு அதுதான் ரீவி. உடைஞ்ச பக்கம் போத்தல் உடைஞ்ச மாதிரி வளைவா இருந்தா படிகம், தட்டையா கண்ணாடி மாதிரி முகம் காட்டினா அது பெல்ட்ஸ்பார் எண்ட வேற கனிமம், படிகத்திலும் கொஞ்சம் மெது.

கண்ணாடிதான் பெரிய எதிரி. நான் ஒரு பச்சைக் கல்லை, ஆத்து மணலில உருண்டு உருண்டு மெழுகு மாதிரி மழமழப்பா வந்தது, மூண்டு மாசம் பேர்ஸுக்குள்ள வைச்சுக்கொண்டு திரிஞ்சன், ஆருக்கும் காட்டாம, இரவில எழும்பி ரோச் அடிச்சுப் பாத்துக்கொண்டு. கடைசியா வவுனியாவில ஒரு நகைக்கடைக்காரரிட்டக் குடுத்தன். அவர் லென்ஸைக் கண்ணில வைச்சு ரெண்டு செக்கன் பாத்திட்டு, தம்பி உது சோடாப் போத்தல் எண்டார். பக்கத்தில சங்கிலிக்கு வந்து நிண்ட ரெண்டு அக்காமார் சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுக்குள்ள நிக்குது. லென்ஸில 10 மடங்குக்குப் பாத்தா கண்ணாடிக்குள்ள உருண்டைக் குமிழி தெரியும், இயற்கைக் கல்லில அப்பிடி வட்டமா வாறது அருமை. உதட்டில வைச்சா படிகம் குளிரும், கண்ணாடி கெதியாச் சூடேறிடும். அண்டைக்கே பதினைஞ்சு நிமிசத்தில வீட்டில கண்டுபிடிச்சிருக்கலாம், அந்த முறையைத்தான் இப்ப சொல்லப்போறன்.

பத்தாம் வகுப்பில ஆக்கிமிடீசு தத்துவம் படிச்சனீங்கள் தானே, அது உதவுற ஒரே இடம் இது. கிராமில ரெண்டு தசமம் காட்டுற சின்னத் தராசு ஒண்டு வாங்குங்கோ. கல்லைக் காய வைச்சு நிறுத்து எழுதுங்கோ, 8.00 கிராம் எண்டு வைப்பம். இப்ப ஒரு பிளாஸ்டிக் கப்பில அரைவாசி தண்ணி, அதைத் தராசில வைச்சு சைபர் ஆக்குங்கோ. கல்லைத் தையல் நூலில கட்டி, தண்ணிக்குள்ள முழுசாத் தாழுற மாதிரி, ஆனா அடியிலயும் பக்கத்திலயும் முட்டாம, கையால தூக்கிப் பிடிச்சுக்கொண்டு தராசைப் பாருங்கோ. 3.02 காட்டினா, 8.00ஐ 3.02ஆல பிரிக்க 2.65 வரும், அதாவது அதே பருமன் தண்ணியிலும் 2.65 மடங்கு பாரம், அது அநேகமாப் படிகம். என்ர பச்சைக்கல்லு 11.40, தண்ணிக்குள்ள 4.56, பிரிச்சா 2.50, போத்தல் கண்ணாடி. கிணத்து மண்ணில எடுத்த சிவப்பு ஒண்டு 2.10க்கு 0.53, கிட்டத்தட்ட 3.96, கார்னெட். நீலக்கல்லும் கெம்பும் 4.00 அளவில வரும், அதால சிவப்புக் கல்லு நாலுக்குக் கிட்ட வந்த உடன துள்ளாதேங்கோ, கார்னெட்டும் அதே அயலில தான் குடியிருக்குது. சிர்க்கோன் நல்லதெண்டா 4.6, 4.7க்குப் போகும். கல்லில ஒட்டின காத்துக் குமிழியை விரலால தட்டி விட வேணும், இல்லாட்டி கணக்குப் பிழைக்கும். ஒரு கிராமுக்குக் குறைஞ்ச கல்லுக்கு இந்தத் தராசு நம்பிக்கையில்லை, 0.01 பிழைச்சாலே விடை எங்கயோ போயிடும், அதுக்கு லென்ஸ் தான்.

கீறிப் பாக்கிற சோதனையும் இருக்கு, கல்லின்ர கடினத்தை ஒண்டில இருந்து பத்து வரைக்கும் சொல்லுற மோஸ் அளவில கண்ணாடி அஞ்சரை, படிகம் ஏழு, கார்னெட் ஏழுக்கு அங்கால இஞ்சால, நீலக்கல்லு ஒன்பது. படிகம் போத்தலைக் கீறும், போத்தல் படிகத்தைக் கீறாது. ஒண்டு படிகத்தையே சுகமாக் கீறினா அண்டைக்குக் கொஞ்சம் நெஞ்சு இடிக்கலாம். ஆனா நல்ல வடிவான முகம் இருக்கிற கல்லைக் கொண்டு போய்க் கீறாதேங்கோ, பழுதாப்போன ஒரு மூலையால மட்டும். நெருப்பில வாட்டிப் பாக்கிறது, சுத்தியலால அடிச்சுப் பாக்கிறது எல்லாம் விசர் வேலை, உண்மைக் கல்லும் வெடிக்கும் பொய்க் கல்லும் வெடிக்கும்.

எப்பவாவது உண்மையிலயே ஏதும் மாட்டினா, அதை ரோட்டில நிண்டு விக்கவும் வேண்டாம், பஸ் ஸ்டாண்டில ஆரும் தாற நீலக் கல்லை வாங்கவும் வேண்டாம், ரெண்டாவதுதான் கூட நடக்கிறது, ஊரில காணி வித்து வாங்கி ஏமாந்தவை இருக்கினம். முதல் சொன்ன இரத்தினக்கல் அதிகாரசபையில கல்லைப் பரிசோதிச்சு இன்னது எண்டு எழுதித் தருவினம், அங்க போறதுதான் வழி.

வைக்கிறதுக்கு நான் கழிச்ச மாத்திரைப் பெட்டியள், முட்டை வாற காட்போட் தட்டு பாவிக்கிறன். ஒவ்வொரு குழியிலயும் ஒரு சின்னக் கடதாசித் துண்டு, எந்த ஊர், ஆரின்ர கிணறு, எத்தினை அடி, எந்த மாசம். பேனையால எழுதாதேங்கோ, மாரிக்கு ஈரத்தில மை பரந்திடும், பென்சில் தான். எனக்கு 2015இக்கு முதல் எடுத்த கல்லு ஒரு வாளி நிறையக் கிடக்கு, ஒண்டுக்கும் ஊர் தெரியாது, இப்ப அதைக் கோழிக்கூட்டு வாசலில சேறு மிதிக்காமக் கொட்டி வைச்சிருக்கிறம். மருமோன் திரும்பிப் போகேக்க அதில இருந்து ரெண்டு வெள்ளைக்கல்லு எடுத்துக்கொண்டு போனவன், இருட்டுக்குள்ள உரசிப் பாக்க.